சோறூட்டு மங்கலமும் பொற்கிண்ணத்து அடிசிலும்

உடம்பின்றி உயிர்க்கு அறிவு விளங்குமாறில்லை. உணவின்றி உடம்பு நிற்குமாறில்லை. ஆணவ இருளிற் கிடந்த உயிர்களுக்குத் தநு கரண புவன போகங்களை இறைவன் கொடுத்தருளியது அவ்விருளை நீக்குதற் பொருட்டேயென்பது சைவசித்தாந்தத் துணிபு. தைத்திரீய உபநிடதமும் உயிர் மேற்கொண்ட ஐவகைக் கோசங்களை எண்ணப்புகுந்து, அன்னமயத்தையே முதற்கண் வைத்தது. ஆகவே, தாயின் பாலொன்றையே உண்டு வளர்ந்த குழவி, உலகத்து விளைந்த உணவை முதன்முதல் வாய்க்கொள்ளும் நாள் சிறியதொரு நாளன்று. அந்நாளை வடநூலார் அன்னப்பிராசனம் என்றும், தமிழர் சோறூட்டல் என்றும் வழங்கினர். இச்சடங்கின் வரலாறு யாது, மருத்துவ நூல்கள் இதுபற்றி வகுத்த வரம்பு யாது, சைவர்க்கு இதன்கண் உள்ள சிறப்புப் பொருள் யாது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

வைதிக நூல்கள் கூறுவன

கௌதம தருமசூத்திரம் எண்ணும் நாற்பது சமஸ்காரங்களுள் அன்னப்பிராசனம் ஒன்று. பிற்காலத்தார் வகுத்த பதினாறனுள்ளும் அஃது இடம்பெற்றது. கிருகிய சூத்திரங்கள் பலவும் இதனை ஆறாந் திங்களிற் செய்க என்று விதித்தன. ஆசுவலாயனர், சாங்காயனர், பாரற்கரர், ஆபத்தம்பர் என்னும் நால்வரும் இவ்வாறாந் திங்கள் என்பதில் ஒத்துச் செல்கின்றனர். மனுவும் யாஞ்ஞவற்கியரும் அதனையே வழிமொழிந்தனர். நெடுந்தொலைவிலிருந்த சாகைகளைச் சார்ந்தோர் யாவரும் ஒரு திங்களையே சுட்டியது, மந்திர நியமத்தால் மட்டும் ஆயதன்று. குழவிகளின் வளர்ச்சியை வழிவழி நோக்கி வந்த பழக்கத்தால் ஆயதென்று கொள்ளுதல் பொருந்தும். முகூர்த்த நூல்கள் ஆண்குழவிக்கு ஆறு, எட்டு முதலிய இரட்டைத் திங்களும், பெண்குழவிக்கு ஐந்து, ஏழு முதலிய ஒற்றைத் திங்களும் உரியனவாகக் கூறியது பின்னெழுந்த வகுப்பாகும்.

ஊட்டும் பொருள் யாதென்னுமிடத்து அந்நூல்கள் வேறுபடுகின்றன. ஆசுவலாயனர், தந்தை விரும்பும் பயனுக்கேற்ப ஆட்டிறைச்சி, கவுதாரிப் புள்ளின் இறைச்சி, நெய்ச்சோறு என மூன்றனைக் கூறி, உணவைத் தயிர் தேன் நெய் என்பவற்றோடு கலந்து ஊட்டுக என்றார். சாங்காயனர் இவற்றோடு மீனையுஞ் சேர்த்தனர். பாரற்கரர், வாக்கின் தேவியை நோக்கி ஆகுதி செய்து, எல்லாச் சுவைகளையும் எல்லா உணவுகளையும் ஒருங்கு கூட்டி ஊட்டுக என்றனர். பேசத் தொடங்காத குழவியின் வாயில் முதற் கவளம் இடும்போது வாக்கின் தேவியை நினைத்தது கருதத்தக்கது. உண்ணும் வாயும் உரைக்கும் வாயும் ஒன்றேயாதலின், உணவு தூயதாயின் உரையுந் தூயதாகும் என்பது அவர் கருத்துப் போலும்.

புலால் மறுத்த சைவர் இவ்விதிகளைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. ஆசுவலாயனர் கூறிய மூன்றனுள் நெய்ச்சோறும் ஒன்றாதலானும், அதற்கு அவர் கூறிய பயன் தேசு, அஃதாவது ஒளி ஆதலானும், நெய்யும் பருப்பும் கலந்த சோறேனும் பாற்சோறேனும் ஊட்டிவரும் சைவர் வழக்கு வேதநெறிக்குப் புறம்பாயதன்று. அந்நெறி தானே காட்டிய வழிகளுள் தூயதனைத் தெரிந்துகொண்டதாம். அன்றியும், மனு ஆறாந் திங்களை விதித்த அவ்விடத்தே, அன்றேற் குலத்தில் மங்கலமென வழங்குவது யாதோ அவ்வாறு செய்க என்றும் இடங்கொடுத்துள்ளார். வேதம் பொது, ஆகமஞ் சிறப்பு என்னும் நெறி நின்றார்க்கு இவ்விடங்கொடை பெரிதும் பயன்படும்.

அந்நூல்களிற் காணப்படும் செய்திகள் இரண்டு பின்வரும் ஆராய்ச்சிக்கு வேண்டப்படுவன. ஒன்று, ஊட்டியபின் எஞ்சிய உணவைத் தாய் உண்ணுக எனச் சாங்காயனர் விதித்தது. எச்சில் என்று எங்கும் விலக்கப்படும் பொருள், குழவியின் வாய்ப்பட்டதாயின் தாய்க்கு உரியதாயிற்று. மற்றொன்று, பெண்குழவிக்கு இச்சடங்கை மந்திரமின்றிச் செய்க என ஆசுவலாயனர் கூறியது. செயல் இருபாலார்க்கும் ஒன்றாயினும், ஓதும் மொழி ஒருபாலார்க்கே வைக்கப்பட்டது. இவ்விரண்டனுக்கும் சைவம் அளித்த விடை யாதென்பது பின்னர் விளங்கும்.

மருத்துவ நூல்களின் வரம்பு

சடங்கு நூலாரேயன்றி மருத்துவ நூலாரும் இப்பருவத்தைக் கூர்ந்து நோக்கினர். சுசுருதர் சாரீரத் தானத்தில், ஆறாந் திங்களிற் குழவிக்கு எளிதிற் செரிப்பதும் நன்மை பயப்பதுமாகிய உணவை ஊட்டுக என்றார். வாக்கடர் அட்டாங்க இருதயத்து உத்தர தானத்தில் அத்திங்களையே கூறி, உணவைப் படிப்படியாகப் பயிற்றுக என்று வற்புறுத்தினார். காசியப சங்கிதை ஆறாந் திங்களிற் பழங்களையும் பத்தாந் திங்களிற் சோற்றையும் கொடுக்குமாறு பிரித்துக் கூறும். இம்மூவர் கூற்றையும் சேர்த்து நோக்கின், பாலை ஒரு நாளில் நிறுத்திச் சோற்றை மறுநாளிற் புகுத்துதல் எவர்க்கும் உடன்பாடன்றென்பது தெளிவாம். பால் நிற்கும்போதே சோறு சிறிது புகும்; சோறு பெருகுமளவிற் பால் சிறிது சிறிதாகக் குறையும்.

இக்கால மருத்துவர் முடிபும் இதனோடு ஒத்தது. முன்னர் நான்கு முதல் ஆறு திங்களுக்குள் உணவு தொடங்கலாமென்றிருந்த கொள்கை மாறி, 2001-ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை, ஆறு திங்கள் வரை தாய்ப்பால் ஒன்றே போதியதென்றும், அதன்பின் தாய்ப்பாலோடு பிறவுணவுஞ் சேர்த்தல் வேண்டுமென்றும் தீர்மானித்தது. குழவி கருவிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஏறத்தாழ அப்பருவத்திற் குறைந்துவிடும். தாய்ப்பால் ஒன்றே அக்குறையை நிரப்பமாட்டாது. அக்காலத்திற்றான் குழவி தலை நின்று, சிறிது சார்ந்திருக்கவும், பிறர் உண்பதை நோக்கிக் கைநீட்டவும், வாயிலிட்டதை நாவாற் புறந்தள்ளாது விழுங்கவும் வல்லதாகும். பழைய நூலார் ஆறாந் திங்களென்றதும் இக்காலத்தார் ஆறு திங்களென்றதும் ஒன்றையொன்று வலியுறுத்துதல் காண்க.

ஆயினும் ஓரிடத்து முன்னோர் விதியை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. தேன் முதற் கவளத்திற் கூறப்பட்டது. பிறந்த அன்றே பொன்னால் தேனும் நெய்யுந் தொட்டுக் குழவியின் நாவில் வைத்தலும் சாதகன்மத்துள் விதிக்கப்பட்டது. தேனிற் சிலபோது நுண்ணிய கிருமிவித்துக்கள் உள்ளன. அவை வளர்ந்தார் குடலில் முளையா. ஓராண்டு நிரம்பாத குழவியின் குடலில் முளைத்து நஞ்சு பிறப்பித்துத் தசைகளைத் தளர்த்தி உயிர்க்கே கேடு சூழும். குழவிகட்கு இந்நோய் உண்டாதல் 1976-ஆம் ஆண்டில் மருத்துவராற் கண்டறியப்பட்டது. ஆதலின் ஆண்டு நிறைவதற்கு முன் குழவிக்குத் தேன் கொடுத்தல் ஆகாதென்பது இப்போது மருத்துவர் யாவர்க்கும் ஒத்த முடிபு. காய்ச்சிய உணவிற் சிறிது சேர்த்தலாலும் இவ்வச்சம் நீங்காது. அவ்வித்துக்கள் அடுப்பின் வெம்மைக்கு எளிதில் அழியா.

இது கேட்டு, விதியைக் கைவிடலாமோ என்று சிலர் ஐயுறுவர். குழவியின் நன்மைக்கென எழுந்த விதி குழவிக்குத் தீங்கு செய்யுமாயின், அவ்விடத்து விதியின் சொல்லைக் காத்தல் விதியின் கருத்தைக் கொல்லுதலாம். சுசுருதர் நன்மை பயக்கும் உணவென்றே பொதுப்படக் கூறினர். மனு குலமங்கலத்திற்கு இடங்கொடுத்தனர். தேனை நீக்கி நெய்யொடு மசித்த சோற்றை ஊட்டும் இல்லத்தார் ஒரு விதியையும் மீறினாரல்லர். அவ்விரு நூலாரின் கருத்தையே நிறைவேற்றினாராவர்.

தமிழ் வழக்கு

தமிழகத்தில் இவ்வின்பத்தைச் சடங்கு நூலினும் செய்யுள் நூல்களே முந்துறக் காட்டுகின்றன. புறநானூற்றின் 188-ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. செல்வம் நிரம்பப் பெற்றுப் பலரோடு உண்ணும் வாழ்வுடையாரும், உண்கலத்துள் கைவிட்டு நெய்பெய்த சோற்றைச் சிதறி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழவியைப் பெறாராயின், அவர் வாழ்நாளாற் பயனில்லை என்பது அதன் பொருள். அங்ஙனம் சிதறப்பட்ட சோற்றை அப்புலவன் அடிசில் என்னுஞ் சொல்லாற் குறித்தனன். இச்சொல் பின்னர்ப் பெரிதும் வேண்டப்படும். திருக்குறளின் 64-ஆம் பாவும் குழவி கையிட்டுக் கலக்கிய கூழ் பெற்றார்க்கு அமிழ்தினும் இனிதாம் என்னும் கருத்தினது. சாங்காயனர் தாய்க்கு விதித்ததனைத் திருவள்ளுவர் விதியாகக் கூறாது இன்பமாகக் கூறினர். அன்புள்ள வழி எச்சில் என்னும் எண்ணமே எழுவதில்லை என்பது இவ்விரு செய்யுட்களானும் பெறப்படும்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சோறூட்டல் தனியே வைக்கப்பட்டிலது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொதுவாக, ஏனைய மூன்றும் வேறுபட்டு நிற்கும். ஆயினும் அம்புலியைக் காட்டிச் சோறூட்டும் தாயரின் வழக்கம் இன்றளவும் ஒழியாமையின், அப்பருவத்தைக் கேட்குந்தோறும் கையிற் கிண்ணம் ஏந்திய தாயே நினைவிற்கு வருவாள்.

யாழ்ப்பாணத்துச் சைவர் இச்சடங்கைச் சோறு தீற்றுதல் என்பர். தீற்றுதல் என்பது உண்பித்தல் என்னும் பொருளில் வரும் பழந்தமிழ்ச் சொல். ஏனையோர் மறந்ததனை அந்நாட்டார் வீட்டுமொழியிற் காத்து வைத்தனர். பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழவியின் தலைமேற் சொரிந்து, அதன் முன் ஏடு முதலிய பொருள்களைப் பரப்பி, எதனைத் தொடுகின்றதென நோக்குதலும் அவர் வழக்கு. இங்ஙனம் பொருள்களைப் பரப்பிப் பார்த்தலை வடநாட்டு நிபந்த நூலார் அன்னப்பிராசனத்தின் முடிவில் வைத்துக் கூறுவர். மலைநாட்டார் இதனைச் சோறூண் என்று கோயில்களிற் செய்வர். வங்கத்தார் வாயிற் சோறு என்னும் பொருள்பட முகே பாத் என்றழைத்துத் தாய்மாமனைக் கொண்டு பாயசம் ஊட்டுவிப்பர். நேபாளத்தார் பாஸ்னி என்பர். பெயர் பலவாயினும் முதற் கவளம் அரிசியாலாயதே. பாரதநாடு முழுதும் குழவியை உலகிற்கு வரவேற்பது ஒரு பிடி சோறே என்க.

பாலுக்கு அழுத பாலகர் இருவர்

சைவ நூல்களிற் பாலுக்கு அழுது இறைவன் அருள்பெற்ற குழவிகள் இருவர் பேசப்படுகின்றனர். ஒருவர் உபமன்னிய முனிவர். மற்றவர் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார்.

உபமன்னியர் வரலாறு மாபாரதத்து அனுசாசன பருவத்தில் அவர் தாமே கண்ணபிரானுக்குக் கூறியதாக வருகின்றது. அயலார் இல்லத்திற் பசுவின் பாலைச் சுவைத்த அப்பிள்ளை, வீட்டிற்கு மீண்டு தாயைப் பால் கேட்டது. வறுமையுற்ற தாய் மாவை நீரிற் கரைத்துப் பாலென்று கொடுத்தாள். ஒருமுறை உண்மைப் பாலைச் சுவைத்த நா அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது அத்தாய் பொய் கூறி ஆற்றாது, சிவபெருமானை வழிபடாதார்க்குப் பாலுஞ் சோறும் ஏது என்று மெய்யை உரைத்தாள். பிள்ளை தவஞ்செய்தது, இறைவன் பாற்கடலையே ஈந்தான். 1313-ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியார், தமது கோயிற் புராணத்தில் இவ்வரலாற்றைத் தில்லையோடு இயைத்துக் கூறினர். அருந்ததியின் இல்லத்திற் காமதேனுவின் பாலுண்டு வளர்ந்து, பெற்றோரிடம் மீண்டபின் அப்பாலையே வேண்டி அழுத பிள்ளையை, தந்தையாராகிய வியாக்கிரபாதர் இறைவன் திருமுன் விடுத்தனர் என்பது அவர் காட்டும் முறை.

இவ்வரலாற்றில் உணரத்தக்கது ஒன்றுண்டு. குழவி எதை முதலிற் சுவைத்ததோ அதனையே வேண்டிநிற்கும். மாநீரால் அதனை ஏமாற்றல் இயலாது. உயிரும் அவ்வாறே, சிவானந்தத்தின் ஒரு துளியைச் சுவைத்த உயிர்க்கு உலக இன்பம் மாநீராய் முடியும்.

பொற்கிண்ணத்து அடிசில்

இனி, 7-ஆம் நூற்றாண்டிற் சீகாழியில் நிகழ்ந்ததனை ஆராய்வாம் என்று புகுவார்க்கு ஒரு வினா முதற்கண் எழும். பிள்ளையார் உண்டது பாலோ, சோறோ என்பது அவ்வினா. கோயில் விழாவில் அது திருமுலைப்பால் எனவே வழங்கப்படுகின்றது. சீகாழிச் சித்திரைப் பெருவிழாவிலும் அப்பெயராலேயே அந்நிகழ்ச்சி கொண்டாடப்பெறுகின்றது. சௌந்தரியலகரியின் 75-ஆம் சுலோகம் அம்மையின் பாலுண்டு கவிபாடிய திராவிடப் பிள்ளை ஒருவரைக் கூறுதலின், அது நாயனாரையே குறிக்குமென்று கொள்வார் பலர். ஆயின், நாயனார் தாமே அருளிய மூன்றாந் திருமுறையின் 24-ஆம் பதிகமாகிய திருக்கழுமலப் பதிகத்து இரண்டாந் திருப்பாட்டு, பொற்கிண்ணத்தில் உண்டதனைப் பால் என்னாது அடிசில் என்றே கூறுகின்றது. தந்தையார் அதனைத் தகாததெனக் கருதி வெகுண்டமையும், இறைவன் தம்மை ஆட்கொண்டமையும் அத்திருப்பாட்டிலேயே உள்ளன. உண்டவர் வாக்காதலின் இதனினும் வலிய சான்று பிறிதில்லை.

அடிசில் என்பது அடுதல், அஃதாவது சமைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பால் தாயினிடத்துத் தானே சுரப்பது. அடிசில் அடுப்பேற்றி ஆக்கப்படுவது. அறிவுடைநம்பி பாட்டிலும் அது நெய்ச்சோற்றையே குறித்தது. ஆகவே, நாயனார் உண்டது சோறேயென்றும், பாலென்றது பின்னோர் புனைவென்றும் சிலர் கூறக்கூடும். வேறு சிலர், அடிசிலென்றது உணவென்னும் பொதுப்பொருளில் வந்ததென்றும், அதற்குச் சோறென்று பொருள்கொள்ளல் ஆகாதென்றும் மறுக்கக்கூடும்.

இவ்விரண்டு கூற்றையும் சேக்கிழார் பெருமான் முன்னரே உணர்ந்து தீர்த்து வைத்தனர். இரண்டாங் குலோத்துங்க சோழன் காலமாகிய 12-ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணம் இயற்றிய அவர், நாயனார் புராணத்து இந்நிகழ்ச்சியை விரித்துரைக்குமிடத்து அடிசில் என்னுஞ் சொல்லை மும்முறை வைத்தனர். இறைவன் அம்மைக்கு ஆணையிடுமிடத்தும், தந்தையார் வெகுண்டு வினவுமிடத்தும் பாலடிசில் என்றார். அம்மை ஊட்டுமிடத்தில், எண்ணற்கரிய சிவஞானமாகிய அமுதத்தை அதனுட் குழைத்து, உண்ணும் அடிசிலாக ஊட்டினாள் என்றார். தேவாரத்து அடிசிலையும் வழக்கிலுள்ள பாலையும் ஒரு தொகைச் சொல்லாக்கி இருதிறத்தார்க்கும் உடன்பாடாக்கியது அவரது புலமை.

இங்கே குழைத்தல் என்னும் வினை ஊன்றி நோக்கத்தக்கது. பாலைக் குழைத்தல் என்பது வழக்கன்று. சோற்றைப் பாலிற் குழைத்துப் பிள்ளைக்கு ஊட்டுதலே உலகவழக்கு. பால் நெகிழ்விக்கும் பொருள். சோறு அதனால் நெகிழ்ந்து உண்ணப்படும் பொருள். அம்மையின் பாலாவது அருள். அதனுட் குழைக்கப்பட்ட சோறாவது சிவஞானம். அருளின் வழியன்றி ஞானம் உயிரின் உட்செல்லாது. ஞானத்தைப் பெறுவித்தற்கே அருள் சுரப்பது. சத்தியின்றிச் சிவத்தை அறிவார் இல்லையென்னும் சித்தாந்தப் பொருள் ஒரு தாயின் அடுக்களைத் தொழிலில் வைத்துக் காட்டப்பட்டது.

அன்றியும், நாயனார்க்கு அப்போது மூன்றாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டிற் குழவி வீட்டுச் சோற்றை உண்டு பழகியிருக்கும். பெயரிடுதல் முதலாகச் செய்யத்தக்க சிறப்புக்களைச் சிவபாத இருதயரும் பகவதியாரும் முறைப்படி செய்தே வளர்த்தனர். உடம்பிற்கு உரிய முதற் கவளத்தை ஈன்ற தந்தையும் தாயும் முன்னரே ஊட்டிவிட்டனர். உயிர்க்கு உரிய முதற் கவளத்தை ஊட்டுதற்கு எல்லா உயிர்க்கும் தாய்தந்தையரே எழுந்தருளினர். இதனாற் சீகாழி நிகழ்ச்சி ஞானத்தின் அன்னப்பிராசனமாயிற்று. மறைநூலார் முதற் கவளத்தின்போது வாக்கின் தேவியை வேண்டினர். ஈண்டோ அக்கவளம் உண்ட அப்பொழுதே முதற் பதிகம் வெளிப்பட்டது. அவர்கள் வேண்டியது இங்கே விளைந்தது.

எச்சிலும் பரிவும்

நீராடி எழுந்த தந்தையார், பிள்ளையின் வாயில் வழிந்த பாலைக் கண்டு, எச்சில் பொருந்த இதனை இட்டவரைக் காட்டுக என்று சிறுகோல் ஓச்சினர். கவுணியர் குலத்து அந்தணர், நியமம் வழுவாதவர், பிள்ளையின் தூய்மையைக் காத்தல் தம் கடனென்று எண்ணினவர். அவர் வெகுண்டது அன்பின்மையால் அன்று. குலவொழுக்கத்தின்கண் வைத்த அன்பினால். ஆயினும், மறைநூல் தானே முதற் கவளத்தின் எச்சத்தைத் தாய்க்கு உரியதாக்கியிருக்க, உலகமாதா அளித்ததனை எச்சிலென்று அஞ்ச நேர்ந்தது. விதியறிந்த தந்தையார்க்கு விதியின் உயிராகிய பரிவு அக்கணத்திற் புலப்படவில்லை. புலப்படுத்தியது பிள்ளையாரின் சுட்டுவிரலும் செழும்பாட்டும். காளத்தியிற் கண்ணப்பர் வாயிற் சுவைத்து இட்ட ஊனின் பொருட்டு வருந்திய சிவகோசரியார்க்கும் இவ்வுண்மையே இறைவனால் உணர்த்தப்பட்டது.

மந்திரமில்லாமை பற்றிய வினாவிற்கும் இங்கேயே விடையுண்டு. நாயனார் அம்மையின் அடிசிலை உண்டது உபநயனத்திற்கு முன்பு. ஒரு மந்திரமும் ஓதப்படாத நேரத்து. அழுகை ஒன்றே வேள்வியாக. பின்னர் உபநயனம் நிகழ்ந்தபோது, அங்கிருந்த மறையவர்க்கு மந்திரங்களுக்கெல்லாம் மூலம் திருவைந்தெழுத்தே என அறிவுறுத்திப் பஞ்சாக்கரத் திருப்பதிகம் அருளிச்செய்தனர். திருவைந்தெழுத்தும் திருமுறையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்மகவை மௌனத்தில் ஊட்டவேண்டிய குறை சைவர் இல்லத்திற்கு இல்லை. காரைக்காலம்மையாரையும் மங்கையர்க்கரசியாரையும் திலகவதியாரையும் உடைய சமயம், ஒரு பெண்மகவின் முதற் கவளத்தின்போது வாய்மூடியிருத்தல் தகாது.

பக்குவம்

சைவாகம பத்ததிகளில் வளர்க்கப்படும் வேள்வித்தீயும் ஒரு குழவியாகவே பேணப்படுகின்றது. 11-ஆம் நூற்றாண்டினராகிய சோமசம்பு சிவாசாரியார் பத்ததியின்படி, வாகீசுவரியினிடத்துத் தோன்றிய அத்தீக்குச் சத்தியோசாதம் முதலிய ஐந்து மந்திரங்களாற் கருக்கொளல் முதற் பெயரிடல் ஈறாகிய ஐந்து சடங்குகள் செய்யப்படும். சிவாக்கினி என்னும் பெயர் இட்டபின்னரே ஆகுதிகள் அதன் வாயில் இடப்படும். பிறவாததற்கும் பெயர்பெறாததற்கும் உணவில்லை. முறையே வளர்த்து, ஏற்கும் நிலை வந்தபின் இடுதலே ஆகமத்தின் நெறி.

உயிர்க்கும் இதுவே நெறி. மலம் பரிபாகமுறுந்துணை சத்திநிபாதம் நிகழாது. நிகழுங்கால் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் அவ்வாறே படிகளாய் நிற்கும். பாலுண்ணும் குழவிக்கு முழுச்சோறு கொடுப்பவள் தாயல்லள். சோறுண்ணத்தக்க பிள்ளையைப் பாலிலேயே நிறுத்துபவளும் தாயல்லள். ஆறு திங்களுக்கு முன் ஊட்டின் குடல் பொறாது; மிகப் பிந்தி ஊட்டின் உடல் மெலியும். பால், கஞ்சி, மசித்த சோறு, சோறு எனப் பருவமறிந்து மாற்றுபவளே தாய். திருவாசகத்துப் பிடித்த பத்தில் மணிவாசகப் பெருமான் இறைவனைக் காலமறிந்து பாலூட்டுந் தாயினும் பரிவுடையவன் என்று போற்றியது இவ்வுண்மை நோக்கியே. ஞானாசிரியரும் மாணாக்கர் பக்குவம் நோக்காது உண்மைநூற் பொருளைத் திணித்தல் ஆகாது. பக்குவம் வந்தார்க்கு மறைத்தலும் ஆகாது.

உபமன்னியரும் சம்பந்தரும் அழுதனர் என்னும் செய்தியின் பொருளும் இதுவே. குழவி கைநீட்டும் முன் வாய்திறந்து திணித்தல் ஊட்டலன்று. வேட்கை தோன்றுதலே பக்குவத்தின் அறிகுறி. தோணிச் சிகரம் நோக்கி அம்மே அப்பா என்றழைத்த அழுகை கேட்டபின்னரே இறைவன் அம்மையை நோக்கினன். அம்மையும் முதலிற் கண்ணீரைத் துடைத்து, பின்னரே பொற்கிண்ணத்தைப் பிள்ளையின் கையில் அளித்தனள். ஊட்டுவார் ஒவ்வொருவரும் இம்முறையை உளங்கொள்ளல் வேண்டும்.

ஆகவே சைவ நன்மக்கள் தம் இல்லத்துக் குழவிக்குச் சோறூட்டும் நாளில், ஆறு திங்கள் நிரம்பியதை நோக்கி, தேன் விலக்கி, நெய்யொடு மசித்த சோற்றைச் சிறிதளவு எடுத்து, திருநீறிட்டு, திருவைந்தெழுத்தை நினைந்து, திருக்கழுமலப் பதிகத்தை ஓதி, ஆணாயினும் பெண்ணாயினும் ஒரு தன்மையாக ஊட்டுவாராக. அன்று குழவியின் கையினின்று சிதறும் சோற்றை எச்சிலென்று வெறாது துடைப்பாராக. இன்று உடம்பிற்கு ஊட்டிய கைகளே, பருவம் வருங்கால், உயிர்க்கு ஊட்டும் ஞானாசிரியர்பால் அப்பிள்ளையைக் கொண்டுசேர்த்தற்கும் உரியன. அதுவரை ஊட்டுதல் பெற்றோர் கடன். அதன்பின் ஊட்டுதல் தோணியப்பர் திருவருள்.

திருச்சிற்றம்பலம்.